கல் தேய்ந்தாலும் பெயர் தேயாது

வானொலி மறையுரை: இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாள், நவம்பர் 2



அக்டோபர் மாதம் முடியப்போகிறது என்றாலே நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. மண்வெட்டியைத் தேடி எடுக்கிறோம். சுண்ணாம்பு வாங்கி ஊறவைக்கிறோம். மழை விட்ட நேரம் பார்த்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, மண்ணை மேடாக்கி, கல்லுக்கு வெள்ளை அடிக்கிறோம். நவம்பர் 2 அன்று மாலையில் பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, அருள்தந்தை வந்து கல்லறையை மந்திரிக்கும்வரை குடும்பமாகக் காத்து நிற்கிறோம். இது நல்ல பழக்கம். நம் முன்னோர் நம் கையில் ஒப்படைத்த பழக்கம்.

ஆனால் அங்கே நிற்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அப்பாவின் கல்லறை எது என்று நமக்குத் தெரியும். தாத்தாவின் கல்லறையும் தெரியும். தாத்தாவைப் பெற்ற தாயை எங்கே அடக்கம் செய்தார்கள்? நம்மில் பலரால் பதில் சொல்ல முடியாது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு மனிதரின் இடம் தெரியாமல் போய்விடுகிறது. அதன்பின் பெயரும் போய்விடுகிறது.

திருவிவிலியத்தின் தொடக்க நூலில் 23ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். சாரா இறந்துவிடுகிறார். கடவுள் வாக்களித்த நாட்டில் ஆபிரகாமுக்கு ஒரு சாண் நிலமும் அதுவரை சொந்தமில்லை. அவர் இத்தியரிடம் சென்று, தலை தாழ்த்தி வணங்கி, மக்பேலா குகையை அடக்க நிலமாகக் கேட்கிறார். இலவசமாகவே எடுத்துக்கொள்ளும்படி அவர்கள் சொல்கிறார்கள். ஆபிரகாம் அதற்கு இசையவில்லை. நகர வாயிலில் எல்லாருக்கும் முன்பாக 400 வெள்ளிக் காசுகளை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். அந்த நிலம் எந்த ஊருக்கு எதிரே இருந்தது, அதிலிருந்த குகை எது, எல்லைக்குள் இருந்த மரங்கள் எவை என்பதுவரை விவிலியம் கிரயப் பத்திரம்போல் எழுதி வைத்திருக்கிறது. வாக்களிக்கப்பட்ட நாட்டில் ஆபிரகாமுக்குக் கிடைத்த முதல் சொந்த நிலம் ஒரு கல்லறை நிலம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பல ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில், சாகும் தறுவாயில், யாக்கோபு தம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். அந்தக் குகை இருக்கும் இடத்தைச் சொல்கிறார். அங்கே யார் யார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிறார்: ஆபிரகாம், சாரா, ஈசாக்கு, ரெபேக்கா, லேயா. எழுதிய ஏடு கையில் இல்லை. பிள்ளைகளின் நினைவே ஏடு. அந்த நினைவு அறுந்துவிடக் கூடாது என்பதே அந்த முதியவரின் கடைசிக் கவலை.

அன்பார்ந்தவர்களே, திருச்சபையும் இதே கவலையோடுதான் வாழ்ந்து வந்திருக்கிறது. உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரை மண்ணுக்கடியில் குடைந்த நீண்ட பாதைகளின் இருபுறச் சுவர்களிலும் அடக்கம் செய்தார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த திருத்தந்தை புனித தமாசுஸ், மறைசாட்சிகளின் கல்லறைகளைத் தேடித் துப்புரவு செய்து, அவர்களைப் பற்றிய கவிதை வரிகளைச் சலவைக்கல்லில் அழகாகச் செதுக்கி வைக்கச் செய்தார். திருத்தந்தையர் பலர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் தம்மையும் அடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் புனிதர்களின் சாம்பலைக் கலைக்க அஞ்சி வேறு இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் படையெடுப்புகள் வந்தன. புனிதர்களின் எலும்புகள் நகருக்குள் இருந்த கோவில்களுக்கு மாற்றப்பட்டன. நிலத்தடிப் பாதைகள் மண் மூடிப்போயின. தமாசுஸ் வைத்த சலவைக்கற்களில் பல உடைந்து சிதறின. ஆயினும் அவற்றிலிருந்த வரிகள் பல இன்றும் நம்மிடம் உள்ளன. எப்படி? அந்தக் கல்லறைகளுக்குத் திருப்பயணம் சென்ற எளிய மக்களில் சிலர், கல்லில் கண்டதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். எந்தச் சாலையில், எந்தப் பக்கம், எந்தப் புனிதரின் கல்லறை என்று குறித்து வைத்தார்கள். சலவைக்கல் உடைந்தது, அந்தப் பயணிகளின் குறிப்புகள் நிலைத்தன.

1849ஆம் ஆண்டில் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி என்ற இளம் ஆய்வாளர் உரோமைக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் உடைந்த சலவைக்கல் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் ஒரு பெயரின் பின்பாதியும், மறைசாட்சி என்ற சொல்லும் இருந்தன. பழைய பயணிகளின் குறிப்புகளை நன்கு படித்திருந்தவர் அவர். எனவே இது திருத்தந்தை புனித கொர்னேலியுவின் பெயராக இருக்க வேண்டும் என்று கணித்தார். பின்னர் அந்த நிலத்துக்கடியில் தோண்டியபோது, புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைகளும், கொர்னேலியுவின் கல்லறையும், கல்லின் மறுபாதியும் கிடைத்தன. யாரோ ஒரு பயணி எழுதி வைத்த சிறு குறிப்பு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு புனிதரின் பெயரை ஒன்றுசேர்த்துக் கொடுத்தது. இத்தகைய கல்லறைகளைப் பேணுவதற்காகத் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1852ஆம் ஆண்டில் தனி ஆணையம் ஒன்றையே ஏற்படுத்தினார்.

அந்தப் பயணிகள் எழுதுகோலால் செய்ததை இன்று ஒளியால் செய்கிறார்கள். 2006ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரிய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், உரோமையில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறைகளை லேசர் ஸ்கேனர் கொண்டு பதிவு செய்தார்கள். முக்காலியில் நிறுத்திய கருவி சுழன்றுகொண்டே லேசர் ஒளியை அனுப்புகிறது. ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அந்த இடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்துக் கணினியில் பார்த்தால், பல அடுக்குகளாகக் கிடக்கும் அந்த இருண்ட பாதைகள் வடிவம் மாறாமல் கண்முன் நிற்கின்றன. அதே தொமித்தில்லாவில் விளக்குப் புகையும் பாசியும் படிந்து கறுத்துப்போயிருந்த சுவரோவியங்களையும் லேசர் ஒளியால் பொறுமையாகத் துலக்கினார்கள். அவற்றில் ஓர் அறை அக்கால உரோமையின் ரொட்டி சுடுவோரோடு தொடர்புடையது. 2017ஆம் ஆண்டில் அது மக்களின் பார்வைக்குக் காட்டப்பட்டது. அடுப்படியில் உழைத்தவர்களின் நினைவு 1,600 ஆண்டுகளுக்கும் மேலாகப் புகைக்கரிக்கு அடியில் காத்திருந்தது.

இங்கிலாந்துத் திருச்சபையும் 2021ஆம் ஆண்டில் இத்தகைய பணியைத் தொடங்கியது. பணியாளர்கள் ஸ்கேனரை முதுகில் பைபோல் மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் நடந்தே அளக்கிறார்கள். ஏறத்தாழ 19,000 கல்லறைத் தோட்டங்களைப் பதிவு செய்வது நோக்கம். கல்லின் படத்தையும் பழைய அடக்கப் பதிவேட்டையும் இணைத்து வைக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது, பெரிய நாடுகளின் பெரிய வேலை, நமக்கு இதில் என்ன என்று தோன்றலாம். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எனவே எங்கள் பங்கில் நடந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் ஒரு பாவ அறிக்கைதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. வடக்கு ஓரத்தில் ஒரு பழைய வரிசை. யாரும் வந்து மெழுகுதிரி ஏற்றாத கல்லறைகள். மூன்று ஞாயிறு திருப்பலியில் அறிவிப்பு வாசித்தோம். யாரும் வரவில்லை. ஜேசிபி வந்தது, அரை நாளில் சமமாக்கிவிட்டோம். உடைந்த கற்களை நடைபாதைக்குப் போட்டோம். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அடுத்த நவம்பரில் வெளியூரில் பிழைப்புக்குப் போயிருந்த ஒரு குடும்பம் மாலையோடு வந்து நின்றது. தங்கள் பாட்டியின் கல்லைத் தேடியது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர்கள் சண்டை போடவில்லை. வாங்கி வந்த மாலையைப் பொதுச் சிலுவையின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன்பின் பங்குப் பேரவை கூடி ஒரு முடிவெடுத்தது: பதிவு செய்யாமல் இனி ஒரு கல்லையும் தொடுவதில்லை. நில அளவை வேலை பார்க்கும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் லேசர் ஸ்கேனர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தார். மற்ற வேலையெல்லாம் இளையோர் தங்கள் கைப்பேசியிலேயே செய்தார்கள். ஒரு கல்லைச் சுற்றி நடந்துகொண்டே, முந்தைய படத்தின் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழும்படி வரிசையாகப் படம் எடுத்தால், கணினி அவற்றைச் சேர்த்து அந்தக் கல்லின் முழு வடிவத்தை உருவாக்கிவிடுகிறது. தேய்ந்த எழுத்துகளைப் படிக்க எளிய வழி ஒன்றையும் கற்றுக்கொண்டோம். பொழுது சாய்ந்தபின் டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடிக்க வேண்டும். நடுப்பகலில் வெறும் கல்லாகத் தெரிந்ததில் அப்போது எழுத்து நிழலாக எழுந்து வருகிறது. பெயர் ஒன்று இப்படித் தெரியவந்தபோதெல்லாம் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்க வேண்டுமே!

ஸ்கேன் முடிந்து வரைபடத்தைக் கோவில் மண்டபத்தில் ஒட்டினோம். எல்லாரும் தங்கள் குடும்பக் கல்லறையைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள். அப்போது ஒரு வயதான தாய் வரைபடத்தின் ஒரு பகுதியில் கை வைத்து, "இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டார்.

கிழக்குப் பகுதி அது. வரைபடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. கருவி கல்லைத்தான் பார்க்கும். கல் வைக்க வசதியில்லாதவர்களைப் பார்க்காது. "அந்த வேப்பமரத்துலேர்ந்து எட்டு எட்டு வச்சா எம் பிள்ள இருக்கான். பிறந்து ஒன்பதாம் நாள் போனவன்," என்றார் அந்தத் தாய். ஐம்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் மட்டுமே இருந்த கல்லறை அது.

இறந்தோர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அடக்கம் முடிந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1182). அந்தக் காலத்துப் பங்குத்தந்தை எழுதி வைத்திருந்தார். குழந்தையின் பெயர், தாய் தகப்பன் பெயர், நாள், எல்லாம் மை மங்கி இருந்தன. பதிவேட்டில் இருந்த பெயர்கள், தோட்டத்தில் இருந்த கற்களைவிடப் பன்மடங்கு. வெள்ளையாகக் கிடந்த இடம் வெற்றிடமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் அந்த வரைபடம் காட்டிக்கொடுத்தது. கல் நிறைந்த பகுதிக்கும் கல்லில்லாத பகுதிக்கும் நடுவில் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் அது பழைய நடைபாதைதான். ஆனால் நம் நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் கட்டிய கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. இது நாம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டிய உண்மை. ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஒரே நற்கருணை அப்பம், ஆனால் மண்ணுக்குள் மட்டும் இரண்டு பக்கம். கருவிக்குக் கூச்சம் கிடையாது. சுவர் இருந்தால் சுவரையும் அளந்து வைத்துவிடும். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அந்தப் படத்தைத் திறந்து, இது எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

அன்பார்ந்தவர்களே, உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஆண்டவரின் உடலை எங்கே வைத்தார்களோ என்பதே அவருடைய கவலை. இடம் தெரியாமல் போன துயரம் அது. மாலையோடு வந்து நின்ற அந்தக் குடும்பத்தின் துயரம். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் கண் திறந்தது (யோவா 20). தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயர் அவர். கடைசி நாளிலும் அவர் நம்மைக் கூப்பிடப்போவது வரிசை எண்ணால் அன்று, பெயரால். ஒன்பது நாள் மட்டுமே வாழ்ந்த அந்தக் குழந்தையையும் அப்படித்தான் கூப்பிடுவார். நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாக எசாயா வழியாக அவர் சொல்லியிருக்கிறார் (எசா 49:16). அந்தக் கையில் எழுதிய எழுத்துக்குத் தேய்மானம் கிடையாது.

அப்படியானால் கடவுள் நினைவில் வைத்திருக்கும்போது நாம் ஏன் பதிவு செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பதிவு தேவைப்படுவது நமக்கு. இறந்தோருக்காக வேண்டிக்கொள்வது நன்று என்று மக்கபேயர் நூல் கற்பிக்கிறது (2 மக் 12). இறந்தோர் மறக்கப்படாமல் இருக்கவும், அவர்களுக்காகச் செபம் தொடரவும் கல்லறை அடக்கம் உதவுகிறது என்று 2016ஆம் ஆண்டில் திருப்பீடம் வெளியிட்ட ஏடும் நினைவூட்டியது. யாருக்காகச் செபிக்கிறோம் என்று தெரிந்தால் செபத்துக்கு முகம் கிடைக்கிறது.

அதே வேளையில் கருவியை நம்பி ஏமாறவும் கூடாது. கணினிக் கோப்பும் அழியும். கல் முந்நூறு ஆண்டு நின்ற இடத்தில் ஹார்ட் டிஸ்க் பத்தாண்டில் பழுதாகலாம். எனவே மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தாளில் அச்சிட்டுப் பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் செய்த படம் மெழுகுதிரி ஏற்றாது, முழந்தாள் இடாது, செபிக்காது. படம் இருக்கிறதே என்று கல்லறைக்குப் போகாமல் இருந்துவிட்டால், சேமித்ததெல்லாம் வீண்.

இந்த நவம்பரில் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சிறு காரியங்கள் சில உண்டு. வெள்ளை அடிப்பதற்கு முன் கல்லைப் படம் எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் நாம் அன்போடு பூசும் சுண்ணாம்புதான் எழுத்துப் பள்ளங்களை நிரப்பி மூடுகிறது. கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். வீட்டிலிருக்கும் மூத்தோரைக் கைபிடித்து அழைத்துப் போய், கல்லில்லாத நம்மவர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வோம். அவர்கள் போய்விட்டால் எந்த ஸ்கேனராலும் அதை எடுக்க முடியாது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்கான செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு அந்த ஆன்மாக்களுக்காக நிறைபேறுபலன் பெறலாம். போகும்போது, யாரும் வராத ஒரு கல்லறைக்கும் ஒரு மெழுகுதிரி எடுத்துச் செல்வோம்.

எங்கள் பங்கில் இந்த ஆண்டு நினைவுத் திருப்பலியில் பதிவேட்டின் பழைய பெயர்களையும் வாசிக்கப்போகிறோம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்காமல், இறந்த நாளின் வரிசைப்படி. வேப்பமரத்திலிருந்து எட்டு எட்டுத் தொலைவில் இப்போது ஒரு சிறு கல் நிற்கிறது. அதில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் தாய் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

செபிப்போம். எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, எங்களுக்கு முன் விசுவாசத்தோடு உறங்கிய அனைவரையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். நாங்கள் மறந்தவர்களை நீர் மறவாமல் இருப்பதற்காக நன்றி கூறுகிறோம். எங்கள் கவனமின்மையால் அழிந்த கல்லறைகளுக்காக மன்னிப்புக் கேட்கிறோம். மண்ணுக்குள்ளும் நாங்கள் எழுப்பிய பிரிவினைகளை இடித்தருளும். இறந்தோர் அனைவரும் ஒரே வீட்டில், ஒரே தந்தையின் பிள்ளைகளாக உம் ஒளியைக் காணச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.